சுவர் உள்ள ஒரே அறை

என் தம்பி பெனியமினா பரீட்சை எழுதியதைப் பற்றி எங்கள் ஊரான பலேசினாவில் பல விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். ஆப்பியா பட்டணத்துச் சந்தை வரைக்கும் அந்தப் பேச்சு போயிருப்பதாகக் கேள்வி. அரைகுறையாகக் கேட்டவர்கள் சொல்வதைவிட, அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நான் சொல்வதுதான் சரியாக இருக்கும். என் பெயர் லிதாரா. வயது அறுபத்தேழு. முப்பத்தொரு ஆண்டு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். கடைசிப் பன்னிரண்டு ஆண்டு தலைமையாசிரியை. கேட்டதைக் கூட்டிச் சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது.

பெனியமினாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அப்பாவுக்குப் பிறகு எங்கள் குடும்பப் பட்டத்தைத் தாங்குகிறவன். ஊர்ச்சபையில் அவனை எல்லோரும் தலைவரே என்றுதான் அழைப்பார்கள். பட்டணத்தில் அவன் ஓர் அரசுத் துறையில் நெட்வொர்க் பிரிவின் தலைவன். இருபத்துநான்கு ஆண்டாக அந்த வேலை. மருத்துவமனைகளுக்கும் துறைமுகத்துக்கும் பள்ளிகளுக்கும் போகிற கேபிள் எந்தச் சாலையின் எந்த ஓரத்தில் புதைந்திருக்கிறது என்பது வரைபடத்தைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். புயல் அடித்த மூன்றாம் நாளே, கடல் இன்னும் அடங்காதபோதே, தோளில் கேபிள் சுருளைச் சுமந்துகொண்டு சவாய்த் தீவுக்குப் படகேறுகிறவன்.

பிப்ரவரியில் துறைக்குப் புதிய இயக்குநர் வந்தார். மார்ச்சில் ஒரு கடிதம் வந்தது. பிரிவுத் தலைவர்கள் எல்லோரும் செப்டம்பர் முப்பதுக்குள் இன்ன சான்றிதழை வாங்கியிருக்க வேண்டும். வாங்காதவர்களின் இடம், பிரிவில் அந்தச் சான்றிதழை ஏற்கெனவே வைத்திருப்பவருக்குப் போகும். அவன் பிரிவில் அதை வைத்திருந்தவள் ஒருத்திதான், மெடிட்டா. முப்பத்தொரு வயது. எங்கள் ஊர்க்காரி, சலோமேயின் மகள்.

ஊர்ச்சபை கூடும்போது சலோமேயின் குடும்பம் ஒரு கோடியிலும் எங்கள் குடும்பம் மறு கோடியிலும் உட்காரும். பகை என்று சொல்ல மாட்டேன். ஒருவர் வீட்டில் பன்றி அறுத்தால் எத்தனை என்று மற்றவர் எண்ணிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெனியமினா என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"ஐம்பத்திரண்டு வயசுல பரீட்சை எழுதச் சொல்றாங்கக்கா."

"எழுது."

"கடைசியா நான் பரீட்சை எழுதினப்போ நீதான் கையில கம்போட சுத்தி வந்தே."

"கம்பு இன்னும் இருக்கு."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எங்களில் அக்காளின் சொல்லைத் தம்பி தட்டுவதில்லை. அதனால் அந்தச் சொல்லைப் பார்த்துச் சொல்ல வேண்டியது அக்காளின் பொறுப்பு. 'எழுது' என்று நான் சொன்ன அன்றே அந்தப் பரீட்சை எனக்கும் உரியதாகிவிட்டது.

அவன் மனைவி மகளின் பிரசவத்துக்காக ஆக்லாந்து போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். தினமும் விடியற்காலை ஐந்து மணிக்குக் கொக்கோ காய்ச்சி வைப்பேன். அவன் ஏழு மணி வரை படித்துவிட்டு வேலைக்குப் போவான். பாடம் கடினமாக இருந்ததா என்று கேட்டால், அது இல்லை. அவனுக்குத் தெரிந்தது அதிகமாக இருந்ததுதான் தொல்லை. கேள்விகளைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி வைத்திருந்தான். நான் படித்துக் காட்டுவேன். அவன் விடை சொல்வான். எனக்கு அதில் பாதி சொல் புரியாது, ஆனால் விடை சரியா தப்பா என்று பார்க்கத் தெரியும்.

"ஒரு கிளை ஆபீசுக்கு இணைப்பு போச்சு. முதல்ல என்ன பண்ணுவே? நாலு விடை இருக்கு."

"எதிர்க் கடைக்காரனுக்குப் போன் போட்டு, மரம் ஏதாவது சாஞ்சிருக்கான்னு கேப்பேன்."

"அது நாலுல இல்ல."

"ஆனா அதான் சரி."

"நாலுல இல்லாதது எப்படிச் சரியா இருக்கும்?"

"இவ்ளோ பெரிய புத்தகம் எழுதியிருக்கான், ஒரு சீமைப்பலா மரத்துக்கு அதுல இடமில்லையா?"

"பெனியமினா, அவன் உன்னை வேலை செய்யச் சொல்லல. அவன் மனசுல என்ன வெச்சிருக்கான்னு கேக்கறான். அதைச் சொல்லு."

ஏப்ரலில் மாதிரித் தேர்வில் அவனுக்கு நூற்றுக்கு ஐம்பத்துநான்கு வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் தான் உண்மையில் என்ன செய்தோம் என்று யோசிப்பான். அந்த விடை நாலில் இருக்காது. பிறகு கோபம் வரும். ஜூனில் அறுபத்தெட்டு. ஆகஸ்ட் கடைசியில் எண்பத்தாறு. கோபம் குறையக் குறைய மதிப்பெண் ஏறியது.

அந்தப் பரீட்சையை ஆக்லாந்துக்குப் போய் எழுதலாம், இல்லாவிட்டால் வீட்டிலிருந்தே கேமரா முன்னால் உட்கார்ந்து எழுதலாம். எங்கேயோ ஒரு நாட்டில் உட்கார்ந்து ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். நான்கு சுவரும் கதவும் உள்ள அறையாக இருக்க வேண்டும். வேறு யாரும் உள்ளே வரக் கூடாது. வேறு குரல் கேட்கக் கூடாது. கண் திரையை விட்டு அகலக் கூடாது. உதடுகூட அசையக் கூடாது.

எங்கள் வீடு தூண்களின் மேல் கூரை நிற்கிற வீடு. காற்று எப்படி வருகிறதோ அப்படித்தான் மனிதர்களும் வருவார்கள். அதில் சுவரும் கதவும் உள்ள அறை பின்பக்கம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது நான் படுக்கும் அறை. அக்காளின் அறைக்குள் தம்பி கால் வைப்பதில்லை. மழை ஒழுகினாலும் வெளியே நின்றுதான் கூப்பிடுவான்.

"என் அறையில எழுது" என்றேன்.

"அது எப்படிக்கா?"

"நான் சொல்றேன்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, "போதகர்கிட்ட சொல்லி ஞாயித்துக்கிழமை ஜெபம் பண்ணச் சொல்லலாமா? பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குப் பண்றாரே" என்றான்.

"வேண்டாம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"ஏன்?"

"பாஸாயிட்டு வா. அப்புறம் ஆலயத்துல சொல்லட்டும். முன்னாலயே சொன்னா சலோமே காதுல விழும். நீ தவறிட்டேன்னு வெய்யி, அவ வருஷம் பூரா நம்ம குடும்பத்தை வாயில போட்டு மென்னுட்டிருப்பா."

நான் செய்த தவறு இதுதான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர் பன்னிரண்டு, வியாழக்கிழமை, காலை பத்து மணி. என் அறையில் மேசையும் நாற்காலியும் தவிர மற்றச் சாமான்களை எல்லாம் காலி செய்திருந்தேன். பெனியமினா வாசலில் குனிந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே போனான். கணினியைச் சுழற்றிச் சுவர்களைக் காட்டச் சொல்லி ஒரு குரல் கேட்டது. சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தை எடுக்கச் சொன்னது. அவன் என்னைப் பார்த்தான். நானே உள்ளே போய்க் கழற்றி எடுத்து வந்தேன். கதவைச் சாத்தினோம். நாற்காலியைக் கதவுக்கு நேராகப் போட்டு, அப்பாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாங்கள் இருவரும் மறந்துபோன ஒன்று இருந்தது. அவன் கார் வாசலில் நின்றது, அதுவும் வியாழக்கிழமை காலையில்.

பதினொன்றரைக்கு எலியா போதகர் தன் மனைவியோடு வந்தார். பின்னால் இருபது முப்பது பேர். எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார்கள். மூன்றாம் வரிசையில் சலோமே.

"லிதாரா அம்மா, தலைவர் எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார் போதகரே."

"வண்டி வீட்லயே நிக்குதுன்னு சொன்னாங்க."

"லீவு."

"சாவுக்கும் கல்யாணத்துக்கும் தவிர லீவே எடுக்காதவராச்சே." கதவைப் பார்த்தார். "உங்க அறையிலயா இருக்கார்?"

"ஆமாம்."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. தம்பி அக்காளின் அறையில் இருக்கிறான் என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. எழுந்து நடக்க முடியாதவனைத்தான் அப்படிச் சுவருக்குள் கிடத்துவார்கள். போதகரின் மனைவி கைக்குட்டையை எடுத்துவிட்டாள்.

"பார்க்கலாமா?"

"இப்ப யாரும் உள்ள போகக் கூடாது."

"டாக்டர் சொல்லியிருக்காரா?"

நான் பொய் சொல்வதில்லை. அதனால் பேசாமல் இருந்தேன். என் பின்னால் பரீட்சை நடக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மூன்றாம் வரிசையிலிருந்து சலோமே என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தை வாய்வரை வந்து நின்றுவிட்டது.

போதகர் என் மடியிலிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது. "சொல்லக் கஷ்டமா இருந்தா சொல்ல வேண்டாம்மா. நாங்க உள்ள வரல. இங்கேயே நின்னு ஜெபம் பண்ணிட்டுப் போறோம்" என்றார்.

முதலில் பாட்டு. எங்கள் ஊர்ப் பாட்டு நான்கு குரலில் எழும்பினால் தகரக் கூரை அதிரும். பிறகு போதகர் பெனியமினாவின் பெயரையும் பட்டத்தையும் சொல்லி, அவனை எழுப்பி நடமாட வைக்கும்படி ஆண்டவரிடம் நீண்ட நேரம் மன்றாடினார். முடிந்ததும் எல்லோரும் ஆமென் என்றார்கள்.

கதவுக்குப் பின்னாலிருந்தும் ஓர் ஆமென் வந்தது. ஊர்ச்சபையில் ஒலிக்கும் அதே கனத்த குரல்.

"குரல் நல்லா கணீர்னு இருக்கே!" என்று யாரோ மகிழ்ச்சியில் கத்தினார்கள். போதகரின் மனைவி அழுதாள்.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. வெள்ளைச் சட்டையும் எண்ணெய் வைத்த தலையுமாகப் பெனியமினா நின்றான். கூட்டம் ஆர்ப்பரித்தது. அவன் போதகரின் கையைப் பிடித்து நன்றி சொன்னான். வந்தவர்களை உட்கார வைத்துத் தின்னக் கொடுத்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். அவர்கள் நம்பவில்லை. தைரியமான மனிதர் என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

எல்லோரும் போன பிறகு என் எதிரே உட்கார்ந்தான்.

"அறுபத்தோராவது கேள்வியில இருந்தேன்க்கா. நல்லா போயிட்டிருந்துச்சு."

"பாட்டு கேட்டுச்சா?"

"பாட்டுக்கு ஒரு எச்சரிக்கை குடுத்தான். சரின்னு தலையாட்டிட்டு எழுதினேன். அப்புறம் ஜெபம்."

"ஜெபத்துக்கு என்ன?"

"கண்ணை மூடிட்டேன்."

அப்பாவின் படத்தைத் தூணோரம் சாய்த்து வைத்தேன்.

"தலையும் தானா குனிஞ்சிடுச்சு. என் பேரைச் சொல்லி மன்றாடறாரு, நான் எப்படி முழிச்சுப் பாத்துட்டு உக்கார்றது? ஆமென்னு சொல்லிட்டுக் கண்ணைத் தொறந்தா திரை இருட்டா இருக்கு. பரீட்சை ரத்துன்னு போட்டிருக்கான். வேற குரல், மூடின கண்ணு, அசைஞ்ச உதடு. ஐம்பது வயசுக்காரன் ஒரே நிமிஷத்துல இத்தனையும் பண்ணியிருக்கேன்."

பதினான்கு நாள் கழித்து மறுபடி எழுதலாம் என்றான். அது இருபத்தாறாம் தேதி. முப்பதோடு கெடு முடிகிறது. இருப்பது இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.

"ஆபீஸ்ல எழுதினா?"

"எல்லாம் கண்ணாடிச் சுவர். நடமாட்டம் தெரிஞ்சா போச்சு."

"பட்டணத்துல ஓட்டல் இருக்கே?"

"அந்த ஓட்டல் லைனை நம்ப முடியாதுக்கா. அதைப் போட்டதே நான்தான்."

"நம்ம வீட்டு லைனும் நீ போட்டதுதானே?"

"இது சனிக்கிழமை நிதானமாப் போட்டது." பிறகு மெதுவாகச் சொன்னான். "ஊருக்குச் சொல்லிடலாம்க்கா. தவறினா தவறினேன்னு நானே சொல்லிக்கறேன்."

"வேண்டாம்" என்றேன். அதற்கு மேல் அவன் பேசவில்லை. பேச மாட்டான் என்று தெரிந்துதான் சொன்னேன்.

மறுநாள் காலை எங்கள் தூணோரம் இளநீர்க் குலை ஒன்று இருந்தது. மாலையில் மீன் சூப் வந்தது. சனிக்கிழமை, நோயாளிக்கென்று தேங்காய்ப்பாலில் குழைய வேகவைத்த வாழைப்பழக் கஞ்சி மூன்று வீடுகளிலிருந்து வந்தது. ஒன்று சலோமேயின் பாத்திரம். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் போதகர் அவனுக்காக மறுபடி ஜெபித்தார். அவன் முதல் வரிசையில் கல்லுப்போல் உட்கார்ந்திருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனால் என் வீட்டில் நோயாளி இல்லாமலே நோயாளியின் கஞ்சி வந்துகொண்டிருந்தது. அதை நான் பாத்திரம் கழுவித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தோல்வியைவிட இதுதான் குடும்பத்துக்கு இழிவு என்று அன்று பாட்டின் நடுவில் எனக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை மாதர் சங்கம். முப்பது பேர் பாய் முடைந்துகொண்டிருந்தோம். இந்த ஆண்டு சங்கத்துக்குத் தலைவி சலோமே. ஊரில் எதற்காவது அடங்கியிருக்கச் சொல்ல வேண்டுமென்றால் அவள் வாயால்தான் சொல்ல வேண்டும். நான் பாயை ஒதுக்கிவிட்டு எழுந்து நின்றேன்.

"என் தம்பிக்கு ஒரு வியாதியும் இல்ல. அன்னிக்கு என் அறையில பரீட்சை எழுதிட்டு இருந்தான். உங்க பாட்டாலயும் ஜெபத்தாலயும் அது நின்னு போச்சு. தப்பு உங்களோடது இல்ல, என்னோடது. நான் சொல்லாம மறைச்சேன். வர்ற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமை மறுபடி எழுதறான். பத்து மணியிலேருந்து ரெண்டு மணி நேரம் ஊர் சத்தமில்லாம இருக்கணும். கேட்டுக்கறேன்."

பின்னாலிருந்து ஒருத்தி, "அப்போ என் கஞ்சி?" என்றாள். சிரிப்பு கிளம்பியது. சலோமே கையை உயர்த்தியதும் அடங்கியது.

"அந்தப் பரீட்சையா? என் மக எழுதினாளே, அதுவா?"

"அதேதான்."

"உன் தம்பி பாஸ் பண்ணா என் மகளுக்கு அந்த இடம் கிடைக்காது."

"கிடைக்காது."

"அதுக்காக நான் ஊரை வாயை மூடச் சொல்லணும்."

"அதைத்தான் கேக்கறேன்."

அவள் கையிலிருந்த ஓலையை இரண்டு முறை மடித்தாள். "அறுபது வருஷமா உன்னைப் பாக்கறேன் லிதாரா. ஒரு படி உப்புகூட நீ கேட்டதில்ல. கேக்கறதுன்னு முடிவு பண்ணிட்டு, நேரா ஊரையே கேக்கறே பாரு."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"சரி, உக்காரு. நின்னா எனக்குக் கழுத்து வலிக்குது. சத்தம் போடற வீடு சங்கத்துக்குப் பத்து டின் மீன் குடுக்கணும். எழுதிக்கோங்கடி."

இருபத்தாறாம் தேதி காலை ஒன்பதரைக்கே ஊர் அடங்கிவிட்டது. நாய்களைக் கயிற்றில் கட்டி வயல் பக்கம் கொண்டுபோயிருந்தார்கள். வழக்கமாகக் கூரை பிளக்கப் பாட்டு வைத்துக்கொண்டு வரும் பேருந்து, பாட்டை நிறுத்தி, ஊரைக் கடக்கும்வரை ஊர்ந்து போனது. பள்ளிக்கூட மணியில் யாரோ துணி சுற்றியிருந்தார்கள். சலோமே சாலை வளைவில் குடை பிடித்துக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ரொட்டி வண்டிக்காரன் ஹார்ன் அடிக்கக் கையைக் கொண்டுபோனபோது அவள் எழுந்து நின்றதை நான் என் இடத்திலிருந்தே பார்த்தேன். அவன் வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனான். போதகர் தன் வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கதவுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் அவ்வப்போது கேட்டது. வேறொன்றும் இல்லை. மடியில் வெறுங்கையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது கதவு திறந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முப்பத்தொரு ஆண்டு அந்த முகங்களைப் பார்த்தவள் நான்.

"எவ்வளவு?"

"ஆயிரத்துக்கு எண்ணூத்தி மூணு. எண்ணூத்தி இருபத்தஞ்சு வேணும்."

"என்ன ஆச்சு?"

"முதல் இருபது நிமிஷம் ஒண்ணுமே ஓடலக்கா. அவ்ளோ அமைதி. ஊர்ல யாரோ செத்துட்டாங்கன்னே மனசுல அடிச்சுக்குது. நான் என்னிக்கு அமைதியில வேலை பாத்திருக்கேன்? அப்புறம் புடிச்சுக்கிட்டேன்." நிறுத்தினான். "நாலு கேள்வி இருந்துச்சு. புத்தகத்துல என்ன போட்டிருக்கான்னு தெரியும். ஆனா அப்படிப் பண்ணா ஆஸ்பத்திரி லைன் ரெண்டு நாள் கிடக்கும். நான் பண்றதைப் போட்டேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"அந்த நாலுனாலதான் போச்சா?"

"தெரியாது. எது தப்புன்னு சொல்ல மாட்டான். மொத்தம் மட்டும்தான்."

அவனைத் திட்ட வாயெடுத்தேன். கேட்பவன் மனதில் இருப்பதைச் சொல் என்று ஐந்து மாதமாகச் சொன்னவள் நான். அந்த நான்கும் சரியாக இருந்திருந்தாலும் தவறியிருப்பானோ என்னவோ. அதனால் விட்டுவிட்டேன். வெளியே மெல்லிய காலடிச் சத்தங்கள் கேட்டன. நேரம் முடிந்ததென்று ஊர் எங்கள் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. யாரும் பேசவில்லை, இன்னும் அனுமதி கிடைக்கவில்லை என்று நினைத்தார்கள்.

"நான் போய்ச் சொல்றேன்" என்று அவன் எழுந்தான்.

"உக்காரு. கேட்டது நான்."

தூண்களுக்கு நடுவே போய் நின்றேன். நூறு பேர் இருக்கலாம். முன்னால் சலோமே, மடக்கிய குடையோடு. குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன்.

"என் தம்பி பரீட்சையில தவறிட்டான். இருபத்திரண்டு மார்க் குறைவு. நீங்க எல்லாரும் சொன்ன சொல்லைக் காப்பாத்தினீங்க. எங்க குடும்பம் அதை மறக்காது."

சலோமே குடையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவள் மகளுக்கு அந்த நிமிடம் பதவி கிடைத்திருந்தது. அவள் சிரித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

"ரெண்டு மணி நேரம் நான் வாயை மூடிட்டு உக்காந்திருக்கேன். எங்க வீட்டுக்காரர் நாப்பது வருஷமா கேட்டும் கிடைக்காத வரம் அது" என்றாள். "அதுக்கு இவ்ளோதானா பலன்?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. உள்ளேயிருந்து பெனியமினாவும் சிரிப்பது கேட்டது. அடக்கி வைத்திருந்த சத்தமெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்தது; நாய், மணி, பேருந்து, எல்லாம். அன்று நானும் கொஞ்சம் சிரித்ததாக ஊரில் சொல்கிறார்கள். இருக்கலாம்.

அக்டோபர் முதல் தேதி மாலை மெடிட்டா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அன்று காலைதான் அவள் பிரிவுத் தலைவியாகப் பொறுப்பேற்றிருந்தாள். அலுவலக உடையோடு நேராக வந்தவள், பட்டமில்லாத இளையவர்கள் உட்காரும் பின்பக்கத்தில், சமையலறையை ஒட்டி, கால்களை மடித்து உட்கார்ந்துகொண்டாள். பெனியமினா தன் இடமான முன் தூணில் சாய்ந்திருந்தான்.

"ஒண்ணு கேக்கணும்னு வந்தேன், பெரியம்மா" என்றாள் என்னிடம். "இன்னிக்கு பூரா ஆபீஸ்ல அவரை நான் கூப்பிடவே இல்ல. ஏதாவது வேணும்னா எழுந்து போய் எதிர்ல நின்னேன். தலைவரேன்னு கூப்பிட்டா, யாரு தலைவின்னு மத்தவங்க சிரிப்பாங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டா எங்கம்மா என்னைக் கொன்னுடுவாங்க."

"பேரையே சொல்லும்மா, பரவால்ல" என்றான் பெனியமினா.

"பேர் சொல்லக் கூடாது" என்றேன். "தலைவரேன்னே கூப்பிடு. ஊர் குடுத்த பட்டம் ஆபீஸ் வாசல்ல கழண்டு விழாது. இவன் உன்னை மேடம்னு கூப்பிடுவான்."

"ஐயோ, வேண்டாம் பெரியம்மா!"

"கூப்பிடுவான். எங்க வீட்டு ஆளுக்குத் தனக்கு மேல இருக்கறவங்களை மதிக்கத் தெரியலைன்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லக் கூடாது." பெனியமினாவைப் பார்த்தேன். "கூப்பிடு."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "மேடம்."

மெடிட்டா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அங்கே, சமையலறைப் புகை படும் இடத்தில், அவள் உட்கார்ந்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. முன் தூணைக் காட்டி, "இங்க வந்து உக்காரு" என்றேன். சலோமேயின் குடும்பத்துப் பெண் ஒருத்தி எங்கள் வீட்டு முன் தூணில் உட்கார்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவள் எழுந்திருக்கவில்லை. பெனியமினாதான் எழுந்தான். தன் பாயை ஒரு கையால் தட்டி விரித்துவிட்டு, அடுத்த தூணுக்கு நகர்ந்தான். அவள் குனிந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

"மறுபடி எப்போ எழுதறீங்க, தலைவரே?" என்று கேட்டாள்.

"பத்தாம் தேதி. அன்னிக்கு லீவு வேணும், மேடம்."

"வாயால சொன்னா முடியாது" என்றாள் மெடிட்டா. முதுகை நேராக்கிக்கொண்டாள். "எழுதிக் குடுங்க."

நான் எழுந்து போய்த் தாளும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்தேன்.